பிள்ளைக்காக மாறிய எழுத்து

(தூத்துக்குடியில் ஆசிரியர்களும் ஆசிரியப் பயிற்சி மாணவர்களும் கூடிய அவையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு. மேடையில் இடையிடையே சொன்ன கிளைச் செய்திகளை நீக்கிச் செப்பம் செய்த வடிவம்.)



வகுப்பறைத் தொழில்நுட்பமும் பலதரப்பட்ட மாணவர்களும் என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. திறன் பலகை, கைக்கணினி, செயற்கை நுண்ணறிவு என்றுதான் இந்தத் தலைப்பைக் கேட்டவுடன் மனம் ஓடும். அவற்றுக்கும் வருவேன். ஆனால் வகுப்பறைக்குள் நுழைந்த முதல் தொழில்நுட்பம் எழுத்து. அந்த எழுத்து யாருக்கு எட்டவில்லையோ அவருக்காக அதையே மாற்றி அமைக்கும் வேலை, நாம் கூடியிருக்கும் இந்த முத்துக்குளித்துறைக் கரையிலும் அதன் பின்நிலமான பாளையங்கோட்டையிலும் வியக்கத்தக்க அளவில் நடந்திருக்கிறது. ரோமன் எழுத்தில், ஈய அச்சில், அரபு எழுத்தில், தொட்டுணரும் புள்ளியில் என நான்கு உருவங்களில் இந்தக் கரைக்காகத் தமிழ் எழுதப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் பின்னால், தன் முன் இருந்தவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்ற கட்டாயத்தில் இருந்த ஓர் ஆசிரியரோ, ஆசிரியர் கூட்டமோ இருந்தது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் கருத்து ஒன்றுதான். இந்தப் பிள்ளைக்கு இது ஏன் எட்டவில்லை என்று தெரிந்துகொண்ட ஆசிரியர் கைவைத்துத் திருத்திய பிறகே ஒரு கருவி கற்பிக்கத் தொடங்குகிறது. திருத்தாத கருவி, அது இல்லாமலேயே கற்றுக்கொண்டிருக்கக்கூடிய பிள்ளைக்குத்தான் பெரும்பாலும் உதவுகிறது. இதை ஆறு செய்திகளாக விரித்துச் சொல்கிறேன்.

1. புதிய கருவி பழைய கருவியின் குறையையும் சுமந்து வரும்

1554 பிப்ரவரியில் லிஸ்பனில் 'கார்த்தில்யா' என்ற சிறு நூல் அச்சானது. தமிழ் ஒலிகளை ரோமன் எழுத்தில் பெயர்த்து, போர்த்துகீசியப் பொருளையும் சேர்த்து அச்சிட்ட நூல் அது. அந்த வேலையில் ஈடுபட்டவர்கள் வின்சென்ட் நசரேத், ஜார்ஜ் கார்வாலோ, தோமா குரூஸ் என்ற மூவர். தமிழ் பேசத் தெரியாத பாதிரியார் தமிழில் செபம் சொல்ல அது உதவியிருக்கும். ரோமன் எழுத்தே தெரியாத, இந்தக் கரையின் வேம்பாற்றுப் பிள்ளைக்கோ மணப்பாட்டுப் பிள்ளைக்கோ அதனால் என்ன பயன்?

1546-இல் இந்தியா வந்து இந்தக் கரையில் வாழ்நாளைக் கழித்த போர்த்துகீசியத் துறவி அன்றிக் அடிகளார் அந்தக் கேள்விக்கு விடை தேடினார். 1578 அக்டோபர் 20-ஆம் நாள் கொல்லத்தில் அவர் மொழிபெயர்த்த 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்திலேயே அச்சாகி வெளிவந்தது. பதினாறே பக்கம். அச்சுப் பணிக்குப் பொருளுதவி செய்தவர்கள் இந்தக் கரையின் பரதவ மக்கள். நூலின் நோக்கம் சமயம் பரப்புவது. அதை மறைக்கத் தேவையில்லை. கல்வி வரலாற்றில் அக்கறை உள்ளவன் என்ற முறையில் நான் அதில் பார்ப்பது, கற்பவரின் எழுத்துக்குக் கற்பிப்பவர் இறங்கி வந்ததை.

அந்த அச்சில் ஒரு குறையும் இருந்தது. மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை. எகர ஏகாரத்துக்கும், ஒகர ஓகாரத்துக்கும் வேறுபாடு இல்லை. ஓலைச்சுவடியின் வழக்கம் அது. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால் புள்ளியை விட்டுவிடுவார்கள், தமிழ் அறிந்தவர் இடம் நோக்கிப் படித்துக்கொள்வார். ஈய எழுத்துக்குக் கிழியும் அச்சம் கிடையாது. இருந்தும் ஓலையின் குறை அப்படியே உலோகத்தில் ஏறிவிட்டது. ஏற்கெனவே படிக்கத் தெரிந்தவருக்கு அது குறையாகவே தெரியாது. புதிதாக எழுத்துக்கூட்டும் பிள்ளைக்குத்தான் ஒவ்வொரு சொல்லும் ஒரு புதிராகிவிடும்.

இன்றைய திறன் பலகை வகுப்பில் இதே குறையைப் பார்க்கிறேன். பாடநூலின் பக்கத்தை அப்படியே படமெடுத்துப் பெரிய திரையில் காட்டுகிறோம். காகிதத்தில் எழுத்தின் அளவை மாற்ற முடியாது, சொல்லைத் தொட்டால் அது ஒலிக்காது. திரையில் இரண்டுமே முடியும். காகிதத்தால் முடியாததைத் திரையிலும் முடியாததாக ஆக்கிவிட்டு, வகுப்பறை மின்னணு மயமாகிவிட்டது என்று கணக்குச் சொல்கிறோம். கடைசி வரிசையில் கண் இடுக்கிப் பார்க்கும் பிள்ளைக்கு எதுவும் மாறவில்லை.

2. பிள்ளைக்குத் தெரிந்ததிலிருந்து தொடங்குவது

தூத்துக்குடிக்குத் தெற்கே காயல்பட்டினம். அங்கும் கீழக்கரையிலும் இலங்கையின் முஸ்லிம் ஊர்களிலும் தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழ் மரபு நெடுங்காலம் செழித்திருந்தது. தமிழுக்கே உரிய ஒலிகளைக் குறிக்க அரபு எழுத்துகளில் கூடுதல் குறிகள் சேர்த்து அமைத்த முறை அது. காயல்பட்டினத்தில் பிறந்து கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் 19-ஆம் நூற்றாண்டில் இந்த எழுத்தில் ஏராளமாக எழுதினார்.

இதைச் சமய வரலாறாக மட்டும் படித்துவிட்டுப் போகிறோம். கல்வியியலாளர் இதில் நிற்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அந்நாளில் பள்ளிக்கூடம் செல்லாத பெண்பிள்ளைகளும் குர்ஆன் ஓதக் கற்றார்கள். அரபு எழுத்து அவர்கள் கண்ணுக்குப் பழகியது, தமிழ் அவர்கள் நாவுக்குப் பழகியது. இந்த இரண்டையும் சேர்த்துவிட்டதால், புதிய எழுத்து வரிசை எதையும் கற்காமல் அவர்களால் தங்கள் தாய்மொழி நூல்களைப் படிக்க முடிந்தது. அரபுத்தமிழ் நூல்கள் பெண்கள் நடுவில் ஆழமாக வேரூன்றியதற்கு இதுவே காரணம்.

இன்று துறைமுகப் பகுதிப் பள்ளிகளில் வீட்டில் இந்தி பேசும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தாப்பாத்தி போன்ற இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களிலிருந்து வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுத் தமிழ் நம் பாடநூல் தமிழிலிருந்து வேறுபட்டது. 2022 கோடையில் தமிழ்நாடு அரசின் இல்லம் தேடிக் கல்வி மையங்களில் கூகுளின் 'ரீட் அலாங்' செயலியைக் கொண்டு பிள்ளைகள் உரக்கப் படித்துப் பழகினார்கள். நல்ல முயற்சி. ஆனால் பிள்ளை படிப்பதைக் கேட்டுச் சரி, தவறு சொல்லும் எந்தச் செயலியும் ஏதோ ஒரு உச்சரிப்பை அளவுகோலாக வைத்துத்தான் தீர்ப்புச் சொல்லும். திக்கிப் பேசும் பிள்ளையும், வேறு வட்டாரத்து ஓசையோடு வரும் பிள்ளையும் சரியாகவே படித்திருந்தாலும் தவறு என்ற பதிலைப் பெறலாம். பக்கத்தில் நிற்கும் ஆசிரியர், "நீ சரியாத்தான் படிச்சே, மேல போ" என்று சொன்னால்தான் அந்தச் செயலி அந்தப் பிள்ளைக்குப் பயன்படும்.

3. ஓலை தாங்காத புள்ளி

இந்தச் செய்தியில் சற்றுக் கூடுதலாக நிற்க விரும்புகிறேன்.

19-ஆம் நூற்றாண்டில் தூத்துக்குடி திருநெல்வேலி மாவட்டத்தின் பகுதி. 1890-இல் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோருக்கான பள்ளியைத் தொடங்கினார். இந்தியாவில் இத்தகைய முதல் பள்ளி அமிர்தசரஸில் எழுந்தது 1887-இல். அடுத்த மூன்றே ஆண்டில் தாமிரபரணிக் கரையிலும் ஒன்று வந்துவிட்டது. அதே பத்தாண்டில் புளோரன்ஸ் ஸ்வைன்சன் அம்மையார் செவித்திறன் அற்ற பிள்ளைகளுக்கான பள்ளியையும் பாளையங்கோட்டையில் தொடங்கினார். இரண்டு பள்ளிகளும் இன்றும் நடக்கின்றன. அதே ஊரில் பெண்கல்விக்குப் பெயர்பெற்ற சாராள் தக்கர் நிறுவனம் யார் பெயரைத் தாங்குகிறது என்பதும் இங்கே பொருந்தும். நோயால் முடங்கி இங்கிலாந்தைவிட்டு அசைய முடியாத நிலையிலும், இந்த மண்ணின் பெண்பிள்ளைகளுக்காகப் பணம் திரட்டித் தந்த பெண் அவர்.

பார்வையற்றோர் தொட்டுப் படிக்க லூயி பிரெயில் 1829-இல் வெளியிட்ட முறையில் இருப்பவை ஆறே புள்ளிகள். இரண்டு நிரல், மூன்று வரிசை. அவற்றைக் கொண்டு 63 வடிவங்கள் அமைக்கலாம். தமிழின் 247 எழுத்துக்கு இது போதாதே என்று தோன்றும். ஆனால் உயிர்க்கு ஒரு குறி, மெய்க்கு ஒரு குறி என்று வைத்து அடுத்தடுத்து எழுதினால் முப்பதுக்குச் சற்றே மேற்பட்ட குறிகளில் தமிழ் முழுதும் அடங்கிவிடுகிறது. இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவான பாரதி பிரெயில் 1951-இல் வகுக்கப்பட்டது. அதற்கும் முன்பே பாளையங்கோட்டைப் பிள்ளைகள் தமிழைத் தடவிப் படித்துக்கொண்டிருந்தார்கள். ஓலை கிழியும் என்று தமிழர் நாம் புள்ளியை விட்டுவிட்டிருந்தோம். அந்தக் குத்திய புள்ளியே முழு எழுத்தாகி நின்றது இங்கே.

'கெ' என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணால் படிப்பவர் முதலில் கொம்பைப் பார்க்கிறார், பிறகு ககரத்தைப் பார்க்கிறார். ஒலிப்பதோ ககரத்தை முதலில், எகரத்தைப் பின்னால். 'கொ' என்றால் உயிர்க்குறி இரண்டாகப் பிரிந்து ககரத்தின் இருபுறமும் நிற்கிறது. பிரெயிலில் இந்தச் சிக்கல் இல்லை. நாக்கு சொல்லும் வரிசையிலேயே விரலும் படிக்கிறது: முதலில் மெய், அடுத்து உயிர். ஆகவே ஒருங்கிணைந்த வகுப்பில் பார்வையற்ற மாணவர் இருக்கும்போது, "முன்னால கொம்பு போடு, பின்னால கால் போடு" என்று மட்டும் சொல்லிக்கொடுத்தால் அது அவருக்குப் பொருளற்ற சத்தம். "க, அதோட ஒ" என்று சேர்த்துச் சொன்னால் அவருக்கும் பார்வையுள்ள பிள்ளைக்கும் விளங்கும். வாசிப்பில் தடுமாறும் பார்வையுள்ள பிள்ளைகளில் பலர் தடுக்கி விழுவதும் இந்தக் கொம்பில்தான் என்பது என் கணிப்பு. பார்வையற்றவருக்காகச் செய்துகொண்ட ஒரு மாற்றம் அடுத்த இருக்கைப் பிள்ளைக்கும் வழி திறக்கிறது.

இன்னொன்று. பிரெயில் சிலேட்டில் ஊசிகொண்டு எழுதும் பிள்ளை வலமிருந்து இடமாக எழுதி, தாளைத் திருப்பி இடமிருந்து வலமாகப் படிக்கிறது. ஒவ்வொரு எழுத்தையும் கண்ணாடி பிம்பமாக மனத்தில் புரட்டிப் போட்டு எழுதுகிறது. இப்படி எழுதும் ஒரு பிள்ளையை "மெதுவாக எழுதுகிறது" என்று பதிவேட்டில் குறித்துவைப்பது அறியாமை. கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரும் பொதுத்தேர்வில் அந்தப் பிள்ளைக்கு உரிமை. அது யாரும் காட்டும் இரக்கம் அல்ல.

4. வினாத்தாளின் எழுத்துரு

ஆசிரியர்களே, உங்கள் கையில் இன்றே இருக்கும் ஒரு செய்தியைச் சொல்கிறேன். செலவு எதுவும் கிடையாது.

திரையில் உள்ள எழுத்தைக் குரலில் படித்துக்காட்டும் என்விடிஏ என்றொரு திரைவாசிப்பான் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற மைக்கேல் கரன் 2006-இல் தொடங்கி, பார்வையற்ற மற்றொருவரான ஜேம்ஸ் டேயும் சேர்ந்து வளர்த்தது. விலையில்லாமல் கிடைக்கிறது, தமிழையும் ஒலிக்கிறது. விண்டோஸ் கணினி உள்ள எந்தப் பள்ளியிலும் நிறுவிவிடலாம்.

ஆனால் நாம் தட்டச்சு செய்த வினாத்தாளை அதனிடம் கொடுத்தால் என்ன ஆகும்? பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று அடித்திருந்தால், கணினியின் நினைவில் தமிழே இருக்காது. எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில விசைகள்தாம் இருக்கும். திரையில் பார்ப்பவருக்கு அம்மா, கேட்பவருக்கு எம் கே. வானவில் போன்ற மற்றப் பழைய எழுத்துருக்களும் இந்த வகைதான். ஒருங்குறியில் (யூனிகோடில்) அடித்தால் தமிழ் தமிழாகவே பதிகிறது. அதிலும் 'கெ' என்பது ககரம் முதலில், எகரக் குறி அடுத்து என்ற ஒலி வரிசையில் பதிகிறது. பாளையங்கோட்டைப் பிள்ளையின் விரல் படித்த அதே வரிசை. தமிழ்நாடு அரசு 2010-லேயே ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. ஆனாலும் பள்ளிகளில் சுற்றும் குறிப்புகளும் மாதிரி வினாத்தாள்களும் இன்றும் பழைய எழுத்துருவில்தான் மிகுதி. இல்லையென்றால் தாளை அலைபேசியில் படமெடுத்து அனுப்பிவிடுகிறோம். படத்தில் இருக்கும் எழுத்தைத் திரைவாசிப்பான் எழுத்தாகவே காணாது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் நிறைவேறி 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 21 வகைக் குறைபாடுகளை அது ஏற்கிறது, கற்றல் குறைபாடும் அதில் அடக்கம். அரசு வரையறுத்த அளவுக்குக் குறைபாடு உள்ள மாணவர்களுக்கு 18 வயதுவரை நூல்களும் கற்றல் பொருள்களும் உதவிக் கருவிகளும் விலையின்றித் தர வேண்டும் என்று சொல்கிறது. சட்டம் கணினியை வாங்கித் தரும். அந்தக் கணினிக்குள் போகும் வினாத்தாளை ஒருங்குறியில் அடிக்க வேண்டியவர் நீங்கள்.

5. ஒலியே பாடமாகிவிடும்போது

ஸ்வைன்சன் அம்மையாரின் பள்ளியை மேலே சொன்னேன். திறன் பலகையின் வருகையால் கூடுதலாக இழந்தவர்கள் செவித்திறன் குறைந்த பிள்ளைகளோ என்ற கவலை எனக்கு உண்டு. கரும்பலகை வகுப்பில் ஆசிரியரின் முகம் இருந்தது, உதட்டசைவு இருந்தது, கையசைவு இருந்தது, எழுத்தும் இருந்தது. காணொளி ஓடும்போது ஆசிரியர் ஓரமாக ஒதுங்குகிறார், விளக்கு அணைகிறது, திரையில் படம் அசைகிறது, விளக்கம் முழுவதும் குரலில் போய்விடுகிறது. காதில் கருவி அணிந்த பிள்ளைக்கும் மின்விசிறியின் இரைச்சலும் அடுத்த வகுப்பின் கோரஸும் குரலோடு சேர்ந்தே பெருகிக் கேட்கும்.

இதற்குத் தேவை காணொளியின் சாரத்தை முன்கூட்டியே பலகையில் எழுதிவைக்கும் பத்து நிமிடம். இடையில் நிறுத்தி, முகம் காட்டி, ஒருமுறை சொல்லும் பொறுமை. 2015-இல் தொடங்கப்பட்ட இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் 2021-க்குள் பத்தாயிரம் சொற்கள் கொண்ட சைகை அகராதியைக் காணொளியாக வெளியிட்டிருக்கிறது. உங்கள் அலைபேசியிலேயே பார்க்கலாம். ஆனால் சைகைக்கும் வட்டார வழக்கு உண்டு. அகராதியின் சைகையைப் பிள்ளையிடம் காட்டி, "நீ இதுக்கு எப்படிக் காட்டுவே?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்த வகுப்பில் அந்தப் பாடத்துக்கு ஆசிரியர் அந்தப் பிள்ளைதான்.

6. வேகமும் நேரமும்

ஒரே வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு படியில் நிற்கும் என்பதை ஏற்றுக்கொண்ட பெரிய முயற்சி நம் மாநிலத்தின் செயல்வழிக் கற்றல். ஆந்திராவின் ரிஷிவேலியில் வளர்ந்த ஏணிப்படி முறையை இந்திய ஆட்சிப் பணி அதிகாரி எம்.பி. விஜயகுமார் 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிவைத்தார். 2007-இல் அது மாநிலம் முழுவதும் பரவியது. அட்டைகள், பாய், பிள்ளையின் உயரத்துக்குச் சுவரில் கீழே இறங்கி வந்த கரும்பலகை. கரும்பலகையைக் கீழே இறக்கியதைப் போன்ற எளிய, ஆழமான தொழில்நுட்ப மாற்றம் நம் பள்ளிகளில் அதிகம் நடந்ததில்லை என்பேன். பிறகு அட்டை எண்ணைக் குறித்துவைப்பதே வேலையாகி, அட்டையை மாற்றும் உரிமை ஆசிரியரிடம் இல்லாமற்போன இடங்களில் அது சடங்காகச் சுருங்கியது. 2022-இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலையில் வைத்தே பார்க்கிறது. எண்ணம் சரியானது. பதிவேற்றும் வேலை தங்கள் நேரத்தைத் தின்கிறது என்று ஆசிரியர் அமைப்புகள் சொல்லிவரும் குறையும் உண்மையானது. பிள்ளையைக் கவனிக்க வேண்டிய நேரத்தில் பிள்ளையைப் பற்றிய தரவை ஏற்றிக்கொண்டிருந்தால், கருவியைத் திருத்துவதற்கு யாருக்கு நேரம் இருக்கும்?

இந்தக் கரையில் வேகம் என்பது வீட்டையும் பொறுத்தது. உப்பளத்துக்கு விடியுமுன் கிளம்பும் தாயின் பிள்ளை தானே எழுந்து தம்பியையும் கிளப்பிவிட்டு வருகிறது. திரேஸ்புரத்து வீட்டில் இருக்கும் ஒரே அலைபேசி தந்தையோடு கடலுக்குப் போய்விடுகிறது. வாட்ஸாப்பில் அனுப்பிய வீட்டுப்பாடம் படகு கரைக்கு வந்த பிறகே பிள்ளை கைக்குச் சேரும். பாடநூலின் விரைவுக் குறியீட்டில் அருமையான காணொளி இருக்கலாம், அதைத் திறக்க வேண்டிய கருவி வீட்டில் இல்லை. எனவே அலைபேசி வழி வேலை கொடுக்கும் ஆசிரியர், அதே வேலையைக் காகிதத்தில் செய்யவும் வழி வைத்திருக்க வேண்டும், பள்ளியின் கணினியைப் பள்ளி முடிந்து ஒரு மணி நேரம் திறந்துவைக்கவும் வேண்டும்.

பயிற்சி மாணவர்களே, உங்களிடம் இரண்டு வேலைகளைக் கேட்கிறேன். கற்பித்தல் பயிற்சிக்குப் போகும் பள்ளியில் முதல் வாரம் பாடத்திட்டம் எழுதுமுன், வகுப்பில் யாருக்கு எது எட்டவில்லை என்று பெயர்வாரியாக ஒரு பக்கம் எழுதுங்கள்: யாருக்குத் திரை தெரியவில்லை, யாருக்குக் குரல் கேட்கவில்லை, யார் வீட்டில் அலைபேசி இல்லை, யார் வேறு மொழியில் கனவு காண்கிறார். வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரைச் சந்தித்து அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். இரண்டாவது, தூத்துக்குடியிலிருந்து பாளையங்கோட்டைக்கு ஐம்பது கிலோமீட்டர்தான். உங்கள் முதல்வர் அவர்கள் அனுமதித்தால் ஒவ்வோர் அணியும் அங்குள்ள இரண்டு பள்ளிகளிலும் சில நாள்களைக் கழித்து, பிரெயில் சிலேட்டில் தங்கள் பெயரை எழுதவும், பத்து வாக்கியம் சைகையில் பேசவும் அந்தப் பிள்ளைகளிடமே கற்று வரட்டும். இந்த அறக்கட்டளையின் தொகையில் ஒரு பகுதியை அந்தப் பேருந்துச் செலவுக்கு ஒதுக்க முடியுமா என்று நிறுவனர் குடும்பத்தாரை இந்த மேடையிலிருந்தே கேட்டுக்கொள்கிறேன்.